ஏழு குதிரையும் ஒரு கையெழுத்தும்

— இது யாரு காது?

— குதிரக் காதுங்க ஐயா.

— அது எனக்கும் தெரியுது தம்பி. நானும் சேணத்துல தூங்கி வளந்தவன்தான். யாரு வீட்டுக் குதிரயோட காதுன்னு கேட்டேன்.

— சத்தியமா தெரியாதுங்க. சாக்குல என்ன இருந்துச்சுன்னே நான் பாக்கல. கறிய ஏத்துனாங்க, ஓட்டிட்டு வந்தேன். வண்டி ஓட்டுறது மட்டும்தான் நம்ம வேல.

— நாலு காது. ரெண்டு பொட்டக் குதிர. நாலு காதுலயும் நுனியில கரிச்சான் வால் மாதிரி ஒரு அடையாள வெட்டு. கெழவர் மாதில் நேத்து வந்து, நீ உக்காந்திருக்கற இதே நாற்காலியில உக்காந்து, ஒவ்வொண்ணா எடுத்துத் தடவிப் பாத்தாரு. இது தாயி, இது மகள்னு பிரிச்சு வெச்சாரு. அழல. 'இத நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போலாமா'ன்னு மட்டும் கேட்டாரு. சாட்சிப் பொருளு, தர முடியாதுன்னுட்டேன்.

— கொஞ்சம் தண்ணி குடுங்க ஐயா.

— குடி. மெதுவாக் குடி. ஆமா, காத அறுத்தா ஆத்துல வீசணும்னு உங்க ஆளு உனக்குச் சொல்லித் தரலயா? எந்தத் திருடனும் அதத்தான மொதல்ல பண்ணுவான்?

— பாலத்துக்கிட்ட நாயிங்க கூட்டமா நின்னுச்சுங்க. கொலச்சா ஊரு முழிச்சுக்கும், அப்புறமா வீசிக்கலாம்னு...

— சாக்குல என்ன இருந்துச்சுன்னு பாக்கலன்னு சொன்னியே, தம்பி.

— ஐயா...

— பரவால்ல. நான் இன்னும் எழுத ஆரம்பிக்கல. பேனா மூடியத் தொறக்கவே இல்ல, பாரு. மூடி தொறக்கற வரைக்கும் நீயும் நானும் ரெண்டு மனுஷங்க. தொறந்துட்டா நீ கைதி, நான் போலீஸ் கேப்டன். அதனால பேச வேண்டியத இப்பவே பேசிருவோம், சரிதானே? இந்த இருமல் எத்தன நாளா இருக்கு?

— இது பழைய இருமலுங்க.

— எங்க வாங்குனது?

— உங்களுக்குத் தெரியாததா? போன தடவ உள்ள இருந்தப்ப. நாலு வருஷத்துல ரெண்டாவது குளிர்காலம். ஒரு அறையில முப்பது பேரு. அதுல பதினோரு பேரு ரத்தமாத் துப்புவான். ஜன்னலத் தொறந்தா குளிருல சாவோம், மூடுனா அவனுங்க மூச்சுல சாவோம். தொறக்கறதா மூடறதான்னு தெனம் அடிதடி. எனக்கு எடது பக்கம் அப்பவே போயிருச்சு. வலது பக்கத்த வெச்சுத்தான் வண்டி ஓடுது.

— டாக்டர் என்ன சொல்றாரு?

— 'சிர்காக், இன்னொரு தடவ நீ அந்த மாதிரி எடத்துக்குப் போனா'ன்னு ஆரம்பிச்சாரு. முடிக்கல. மூக்குக் கண்ணாடியத் தொடச்சுக்கிட்டாரு.

— நான் முடிக்கட்டுமா? ரெண்டாவது தடவ மாட்டிருக்க. கூட்டுச் சேந்து பண்ண திருட்டு. ஏழு வருஷம். அதுல நீ ரெண்டு வருஷம் தாங்குவ. மிச்ச அஞ்சு வருஷத்த சர்க்காருக்கு மிச்சம் புடிச்சுக் குடுத்துட்டுப் போயிருவ.

— பயமுறுத்தாதீங்க ஐயா.

— பயமுறுத்தறதுன்னா இப்படிப் பேச மாட்டேன். பக்கத்து அறைக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேன். போன தடவ வாயே தொறக்காம உள்ள போனியே, யாருக்காக?

— எனக்காகத்தாங்க. தப்பு பண்ணேன், போனேன்.

— உங்க அக்கா புருஷன் எசென்குலுக்காக. நீ வாயத் தொறக்கலன்னு அன்னைக்கு ரெண்டு பல்லு போச்சு. இன்னைக்கு இந்த மாவட்டத்துல ஆடு மேய்க்கறவன் அத்தன பேருக்கும் தெரியும், குதிரய ஓட்டிட்டு வர்றது எசென்குல்னு. ஆனா தெரியறது வேற, கையில சிக்கறது வேற. எனக்கு ரெண்டே ரெண்டு சங்கதி வேணும். எந்த நாளு, எந்தக் கணவாய்.

— அவர இதுல இழுக்காதீங்க. கால்ல விழறேன்.

— ஏன், அவ்வளவு நல்ல மனுஷனா?

— எங்கம்மா போறப்ப எனக்கு ஆறு வயசு. அத்தான் எங்கக்காவக் கட்டிட்டுப் போறப்ப, ஒரே குதிரயில கல்யாணப் பொண்ணப் பின்னால உக்கார வெச்சு, என்னையத் தூக்கி முன்னால உக்கார வெச்சுக்கிட்டாரு. ஊரே சிரிச்சுச்சு. 'என்ன எசென்குல், ஒண்ணு கட்டப் போயி ரெண்டாக் கூட்டிட்டு வர்ற'ன்னு. 'ஆமா, ஒண்ணு சமைக்க, ஒண்ணு சாப்பிட'ன்னாரு.

— அதே மனுஷன்தான பதினேழு வயசுல உன்னையத் திருடக் கூட்டிட்டுப் போனது?

— அப்ப வேற என்னங்க இருந்துச்சு? சர்க்கார் கூட்டுப் பண்ணையக் கலச்சுட்டாங்க. டிராக்டரக் கூட கழட்டிக் கழட்டித் தூக்கிட்டுப் போனாங்க, பெரிய பெரிய ஆளுங்க. அவங்கள எந்த நாற்காலியில உக்கார வெச்சுக் கேட்டீங்க?

— அது நல்ல கேள்வி. ஆனா மாதில் கெழவர் எதத் தூக்கிட்டுப் போனாரு, தம்பி? அந்த ரெண்டு பொட்டையையும் கறந்து, பாலப் புளிக்க வெச்சுக் குமிஸ் கடஞ்சு, ரோட்டோரமா உக்காந்து விப்பாரு. மருமக வெளிநாட்டுல வேலைக்குப் போயிருக்கா, மகன் குடிச்சுச் செத்துட்டான், வீட்டுல மூணு பேத்திங்க. இனிமே அந்த ரோட்டோரத்துல அவரு எதுக்கு உக்காரணும்?

— அது மாதிலோட குதிரன்னு சத்தியமா எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா...

— தெரிஞ்சிருந்தா?

— ...தெரியாதுங்க.

— சரி. மணி பதினொண்ணு ஆச்சு. நான் பேனாவத் தொறக்கறேன்.

— இருங்க ஐயா.

— விடிய விடிய இப்படியே உக்காந்துட்டே இருக்க முடியாது தம்பி, மேல கேக்கறாங்க. தொறந்துட்டேன். பேரு, அப்பா பேரு...

— தொறக்காதீங்கன்னு சொல்றேன்ல! மூடுங்க. மூடிட்டுக் கேளுங்க.

— மூடிட்டேன்.

— சுடக் கூடாது.

— ஒரு தோட்டா சுட்டா நாலு நாளு உக்காந்து காகிதம் எழுதணும். சுட மாட்டோம்.

— எங்கக்காவுக்குத் தெரியக் கூடாது.

— எங்க வாயால தெரியாது.

— வெள்ளிக்கிழம. ராத்திரி இல்ல. எல்லாரும் ராத்திரிதான் காத்துட்டுக் கெடப்பீங்கன்னு அவரு பட்டப்பகல்ல வருவாரு. மத்தியானம். கரா-பெல் கணவாய்.

— எத்தன குதிர?

— ஏழு.

— கூட யாரு?

— யாரும் இல்ல. தனியாத்தான் ஓட்டுவாரு. அதட்டக் கூட மாட்டாரு, நாக்கத் தட்டியே ஓட்டிட்டு வருவாரு.

— இப்ப தொறக்கறேன். நீ சொன்னத அப்படியே எழுதறேன், கீழ கையெழுத்துப் போடு. வியாழக்கிழம உன்னைய வெளிய விடறேன், ஆனா ஒண்ணு மட்டும் காதுல வாங்கிக்க. வெள்ளிக்கிழம அவன் அங்க வந்தான்னா, நீ சாட்சி. உன் லாரியையும் திரும்ப எடுத்துக்கலாம். அவன் வரலன்னா, நீ எங்களத் தெச திருப்பி விட்டன்னு ஆயிரும். அந்த ஏழு வருஷத்து மேல இன்னும் ரெண்டு. சரிதானே?

— வருவாரு. அத்தான் சொன்ன நாளு தப்ப மாட்டாரு.

*

— ஏண்டா கதவத் தட்டுற? என்னைக்கு நீ தட்டிட்டு உள்ள வந்திருக்க?

— அக்கா...

— வாடா உள்ள. என் கண்ணே, எப்ப விட்டாங்க? உன்னையப் புடிச்சுட்டாங்கன்னு சேதி வந்ததுலேருந்து இந்த வீட்டுல ஒழுங்கா அடுப்பு எரியல. உக்காரு. கம்பளிய மேல இழுத்துப் போட்டுக்க. பாரேன், கழுத்து பூரா எலும்பு. அடிச்சாங்களா?

— இல்லக்கா.

— சட்டையத் தூக்கு, பாக்கறேன்.

— அடிக்கலக்கா. டீ வாங்கிக் குடுத்தாங்க.

— டீயா?

— புதுக் கேப்டன். துருஸ்பெக்னு பேரு. மரியாதையாத்தான் பேசறாரு.

— ஆளு புதுசு, சரி. கட்டடம் பழசுதான? போன தடவ ரெண்டு பல்லப் பேத்து அனுப்புனாங்க. இந்தத் தடவ டீ. பாரேன், நாடு முன்னேறிருச்சு. இந்தா, மொதல்ல ரொட்டி தின்னு. சூப்பு சுடுது. ஆட்டுக் கழுத்தெலும்பு, உனக்குப் புடிக்கும்.

— அத்தான் எப்ப போனாரு?

— நேத்துக் காலையில. போக வேண்டாம்னு கையப் புடிச்சேன். அந்த மனுஷன் கதையக் கேளு. உன்னையப் புடிச்ச சேதி வந்ததும், குதிரைக்கு லாடம் அடிக்கணும்னு சொல்லிட்டு வெளிய போனாரு. ஒரு மணி நேரம் ஆச்சு, சுத்தியல் சத்தமே கேக்கல. போய்ப் பாத்தா, குதிரக் காலத் தூக்கித் தொடையில வெச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருக்காரு. அந்தக் குதிரயும் மூணு கால்ல நிக்குது, பாவம். 'புரூல், அவன் இன்னொரு குளிர்காலம் தாங்க மாட்டான்'னாரு. அவ்வளவுதான் பேச்சு.

— அப்படியா சொன்னாரு?

— நீ உள்ள கெடந்த நாலு வருஷமும் அந்த மனுஷன் கொழுப்புத் துண்டத் தொட்டதில்ல. குடல்ல குதிரக் கறிய அடைச்சுக் கஸி பண்ணா மொத வளையம் உனக்குத்தான், பார்சல் கட்டி அனுப்பணும். ஊருல யாராவது உன்னையத் திருடன்னு சொன்னா, 'அவன் வாயில என் தல இருந்துச்சு. கடிக்காம வெச்சிருந்தான்'னு சொல்லுவாரு. வெக்கமில்லாம சந்தையில நின்னு சொல்லுவாரு. ஏண்டா, ரொட்டி எறங்கலயா?

— எறங்குதுக்கா.

— இந்த ஏழு குதிர கூட உனக்காகத்தான். 'இத வித்து நல்ல வக்கீலா வெக்கறேன் புரூல், இதோட எல்லாத்தையும் விட்டுர்றேன்'னாரு. இப்பத்தான் நீயே வந்துட்டியே, வக்கீலும் வேணாம் ஒண்ணும் வேணாம். எடு போன. அவருக்குப் பேசு. உன் கொரலக் கேட்டா குதிரய அங்கயே விட்டுட்டு ஓடி வருவாரு.

— அங்க சிக்னல் கெடைக்காதுக்கா.

— கணவாய்க்கு அந்தப் பக்கம் மேட்டுல கெடைக்கும். இன்னைக்குப் பூரா அங்கதான் மேய விட்டுட்டு இருப்பாரு. நாளைக்குத்தான எறங்கறாரு.

— என் போன்ல சார்ஜ் இல்ல.

— என்னோடத எடு. வீட்டுல எடுக்காது. பின்னால ஆட்டுமேட்டுக்கு ஏறுனா போதும்.

— போன்ல வேணாங்க்கா. போலீசு கேட்டுட்டு இருப்பாங்க.

— 'வீட்டுக்கு வந்துட்டேன்'னு நீ சொல்றத அவங்க கேட்டா என்ன? அவங்கதான விட்டாங்க?

— விடுக்கா. நாளைக்கு அவரே வருவாருல்ல.

— சிர்காக்.

— என்ன.

— எம்மூஞ்சியப் பாத்துச் சொல்லு. எப்படிடா விட்டாங்க?

— சாட்சி போதலன்னு விட்டாங்க.

— நாலு காது மேசையில இருந்துச்சாமே. மாதில் பெரியவரு வீடு வீடாப் போயி சொல்லிச் சொல்லி அழுதுட்டு இருக்காரு.

— காத வெச்சு என்ன பண்ண முடியும்? எந்தக் குதிரைக்கும் காது இருக்கும்.

— ஆமா. எந்தக் குதிரைக்கும் இருக்கும். சூப்புல உப்பு சரியா இருக்கா?

— இருக்குக்கா. நல்லா இருக்கு.

— நான் இன்னும் உப்பே போடல.

— அக்கா...

— சாப்பிடு. உப்புக் கிண்ணம் உன் கைக்கிட்டதான் இருக்கு.

— எங்கக்கா போற? கம்பளிக் கோட்டெல்லாம் எடுத்து மாட்டற?

— ஆட்டப் பாத்துட்டு வரேன்.

— நீ இரு, நான் போறேன்.

— ஏத்தம்டா. உனக்கு மூச்சு வாங்கும். அடுப்புல வெந்நி இருக்கு, ஊத்திக்கிட்டுப் படு. உன்னைய நான் ஒண்ணும் கேக்கப் போறதில்ல. கேட்டா நீ பதில் சொல்லணும். நீ பதில் சொல்லிட்டா அத நான் கேட்டவளா ஆயிருவேன். அதுக்கு எனக்குத் தெம்பில்ல.

*

— வா தம்பி, வா. இன்னைக்கு நாற்காலிய நீயே இழுத்துப் போட்டு உக்காரலாம்.

— வரச் சொன்னீங்களாம், ஐயா.

— நன்றி சொல்லத்தான். நேத்து ஒரு தோட்டா கூட வெடிக்கல. நீ சொன்ன மாதிரியே மத்தியானம், ஏழு குதிர, தனி ஆளு. நாங்க ஒம்போது பேரு பாறைக்குப் பின்னால வெரைச்சுப் போய்க் கெடந்தோம். அவன் என்ன பண்ணான் தெரியுமா? எங்களப் பாத்ததும் குதிரய விட்டு எறங்குனான். கைய நீட்டுனான். 'மொதல்ல இதுங்களுக்குத் தண்ணி காட்டுங்க, காலையிலேருந்து குடிக்கல'ன்னான். எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு.

— என் கையெழுத்துப் போட்ட காகிதம்?

— பெட்டியில பத்திரமா இருக்கு.

— கிழிச்சிருவீங்கன்னு நெனச்சேன்.

— கிழிக்கறேன்னு நான் எப்ப சொன்னேன்? வெளிய விடறேன்னு சொன்னேன். வெளியிலதான இருக்க? லாரிச் சாவியும் குடுத்தாச்சு. ஆனா தம்பி, ஒரு பல்லப் புடுங்குனா பக்கத்துப் பல்லு ஆடும், சரிதானே? எசென்குல் ஓட்டிட்டு வந்தான். நீ ஏத்திட்டு வந்த. பட்டணத்துல அந்தக் கறிய வாங்கறது யாரு?

— சத்தியமா எனக்குத் தெரியாது. நான் கறிய ஒரு கொட்டாயில எறக்கி வெச்சுட்டுத் திரும்பிருவேன். ஆள யாரும் பாத்ததில்ல. அத்தானுக்கு மட்டும்தான் தெரியும்.

— நம்பறேன். அதனாலதான் உன்னையக் கூப்பிட்டேன். எங்ககிட்ட அவன் வாயே தொறக்கல. உள்ள போய்ப் பேசு. பத்து நிமிஷம். நானோ வேற யாரோ வர மாட்டோம்.

— அவரு மூஞ்சியில நான் எப்படிங்க முழிப்பேன்? என்னால முடியாது.

— செவ்வாக்கிழமையும் இப்படித்தான் சொன்ன. வலது பக்கம் மூணாவது கதவு.

*

— கதவச் சாத்து மாப்ள. காத்து உனக்கு ஆகாது.

— அத்தான்.

— அந்தச் செவுத்துல சாயாத, ஈரம். இப்படி என் பக்கத்துல வந்து உக்காரு.

— நான் நின்னுக்கறேன்.

— உக்காருடா. நின்னா அண்ணாந்து பாக்கணும், கழுத்து வலிக்குது. அக்கா எப்படி இருக்கா?

— எங்கிட்டப் பேச மாட்டேங்கறா. சோறு போடறா. பேசல.

— ம். சோறு போடறால்ல. பேசுவா. என் ரெண்டு பொட்டக் குதிர லாயத்துல நிக்குதுல்ல, சாம்பல் ஒண்ணு, செவல ஒண்ணு?

— நிக்குது.

— ரெண்டையும் ஓட்டிட்டுப் போயி மாதில் வீட்டு வாசல்ல கட்டிட்டு வந்துரு. ஒண்ணும் பேச வேணாம். அவரு திட்டுனா வாங்கிக்க. செவல கொஞ்சம் ஒதைக்கும், பேத்திங்கள கிட்ட விட வேணாம்னு மட்டும் சொல்லு. அது அவரு குதிரன்னு எனக்கும் ஓட்டிட்டு வந்த அப்புறந்தான் தெரிஞ்சுது. தெரிஞ்ச பின்னாடியாவது திருப்பி விட்டிருக்கணும். விடல.

— சரி அத்தான்.

— அப்புறம், கேளு.

— என்ன கேக்கணும்?

— என்ன கேக்கச் சொல்லி உன்னைய அனுப்புனானோ, அத.

— யாரு?

— மாப்ள, எனக்கு வயசாச்சு. எத்தன நிமிஷம் குடுத்தான்?

— ...பத்து.

— அதுல மூணு போச்சு.

— கறிய வாங்கறது யாருன்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு.

— ம். தோல் வியாபாரி ஓரோஸாலின்னு போய்ச் சொல்லு.

— ஓரோஸாலியா? அவரு போன குளிர்காலமே செத்துட்டாரே. நாமதான குழி வெட்டப் போனோம்.

— அதான் சொல்றேன். நெசமான பேரச் சொன்னா அந்த ஆளு உன்னைய ஒரு வாரத்துல வெட்டிருவான். ஓரோஸாலி எழுந்திரிச்சு வர மாட்டான். அவன் பேர வெச்சு இவனுங்க பனி உருகற வரைக்கும் தோண்டட்டும். அதுக்குள்ள நீ லாரிய வித்துட்டுத் தெக்க போயிரு. வெதுவெதுப்பான ஊரு, வால்நட் காடு இருக்கு. நெஞ்சுக்கு நல்லதும்பாங்க. இங்க இருந்தா இந்தக் கேப்டன் உன்னைய மாசம் ஒரு தடவ கறப்பான்.

— அத்தான், நான்தான் சொன்னேன்.

— ம்.

— கணவாய், நாளு, ஏழு குதிர, எல்லாம் நான் சொன்னதுதான். யாரும் அடிக்கல. விரலத் தொடல. பேனாவத் தொறந்தாரு, அவ்வளவுதான். எனக்கு அந்த அறை ஞாபகம் வந்துருச்சு. அந்த வாட. சொல்லிட்டேன்.

— மெதுவாப் பேசு. இருமற பாரு. தண்ணி குடி, அந்தக் குவளையில இருக்கு.

— திட்டுங்க அத்தான், அடிச்சாவது விடுங்க!

— எதுக்கு? அன்னைக்கு நீ பேசியிருந்தா நான் உள்ள போயிருப்பேன், உனக்கு ரெண்டு பக்கமும் நல்லா இருந்திருக்கும். நீ உள்ள இருந்த நாலு வருஷமும் நான் வெளிய நின்னு கஸி அனுப்பிட்டு இருந்தேன். உள்ள எப்படி இருந்துச்சுன்னு ஒரு நாளு கூட உன்னையக் கேட்டதில்ல. கேக்க வாய் வரல.

— இப்ப நான் சொல்றேன், கேட்டுக்குங்க. போனதும் மேல் கட்டில் குடுப்பாங்க, வேணாம்னுருங்க. சூடு, கெட்ட காத்து எல்லாம் மேலதான் போயி நிக்கும். ஜன்னலோரம் கீழ்க் கட்டில் கேளுங்க. குளிரும், குளிரட்டும்.

— ஜன்னலோரம், கீழ.

— அடுத்தவன் குவளையில குடிக்காதீங்க. அண்ணன் தம்பின்னு எவன் நீட்டுனாலும் வாங்காதீங்க. சொந்தமா ஒரு தகரக் குவள, கயித்துல கட்டி இடுப்புலயே வெச்சுக்குங்க. பக்கத்துல இருமறவன் வந்து படுத்தான்னா, தலையும் காலும் மாத்திப் படுங்க.

— ம். அப்புறம்?

— மார்ச் மாசந்தான் மோசம். ஜனவரியில யாரும் அவ்வளவாச் சாக மாட்டாங்க. குளிரு முடிஞ்சுருச்சுன்னு நெனச்சு ஒடம்ப விட்டுருவாங்க பாருங்க, அப்பத்தான். மார்ச்சுல நடந்துக்கிட்டே இருங்க. அறைக்குள்ளயே நடங்க.

— நடக்கறேன்.

— அம்பத்தாறு வயசு அத்தான் உங்களுக்கு.

— ரெண்டு பக்கமும் மூச்சு வருது எனக்கு. உன்னைய விட நான்தான் பையன்.

— சிரிக்காதீங்க. ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. கேப்டன் சொன்னாரு, ஒம்போது பேரு பாறைக்குப் பின்னால கெடந்தாங்களாம். வண்டிங்க வேற நின்னிருக்கும். ஓநாய் அந்த மலையில மூச்சு விட்டா இந்த மலையில நின்னு சொல்லுவீங்களே. குதிரைங்களாவது காத நிமித்தியிருக்குமே. எப்படி அத்தான் உங்களுக்குத் தெரியாமப் போச்சு?

— தெரியாம எங்க போச்சு? வியாழக்கிழமையே உங்கக்கா ஆட்டுமேட்டுல ஏறி நின்னு பேசிட்டா. 'சிர்காக் வந்துட்டான். எம்மூஞ்சியப் பாக்க மாட்டேங்கறான். குதிரய அவுத்து விட்டுட்டு அப்படியே அந்தப் பக்கமா எங்கயாவது போயிருங்க, நாளைக்கு எறங்காதீங்க'ன்னு அழுதா.

— அப்புறம் ஏன் அத்தான் எறங்கி வந்தீங்க?

— நான் வரலன்னா, நீ எழுதிக் குடுத்தது பொய்யாயிருக்குமேடா.